பலாச்சுளைக் கணக்கு

காரவள்ளியில் ஏறத் தொடங்கும் பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலைக்கு மேலே போயாக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை. முதல் வளைவில் 1/70, அடுத்ததில் 2/70, இப்படியே. பின்னம் கற்பிக்கும் நோக்கத்தோடு யாரும் அந்தப் பலகைகளை நட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளில் பின்னத்தைப் பற்றி ஒரு குழந்தை என்னிடம் கேட்ட ஒரே உண்மையான கேள்வி அந்தப் பலகையிலிருந்து வந்ததுதான். நாமக்கல்லுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், 35/70 தாண்டியதும், "பாதி வந்தாச்சா சார்?" என்றான். ஆமாம் என்றேன். எழுபதாவது பலகையும் தாண்டிற்று. பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "எழுபதுக்கு எழுபது ஆயிருச்சே சார், ஊரு இன்னும் வரலியே?" என்றான்.

"அது ரோட்டுக்காரங்க கணக்குடா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாதி என்றால் எதில் பாதி? முழுசு என்று எதை வைத்திருக்கிறார்கள்? வைத்தது யார்? வளைவுகளை எண்ணியவருக்கு முழுசு என்பது 70 வளைவு. பையனுக்கு முழுசு அவன் வீடு. எங்கள் பாடப் புத்தகம் ஒரு வட்டத்தை நாலாகக் கீறி ஒரு துண்டில் கோடு போட்டு, இது கால் என்று சொல்லி முடித்துக்கொண்டது. நானும் அதைத்தான் கரும்பலகையில் போட்டேன். பஸ்ஸில் நான் சொன்னது அலட்சியமான பதில். ஆனால் இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது, வகுப்பில் நான் சொன்ன எதையும்விட அது உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது என்று படுகிறது. கணக்கு என்பது யாரோ ஒருவருடைய கணக்கு. தமிழில் ஆரம்பப் பள்ளிக் கணிதத்தின் சரித்திரத்தை இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கும் முயற்சி இது.

இந்த விஷயத்தைப் பேச வருகிறவர்கள் சாதாரணமாக இரண்டு கட்சி. நம்மவர்கள் அணுவுக்குள் அணுவை அளந்தார்கள், முந்திரியையும் இம்மியையும் கண்டார்கள், வெள்ளைக்காரன் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்பது ஒரு கட்சி. பழைய பள்ளிக்கூடம் என்றால் பிரம்பும் கிளிப்பிள்ளைப் பாடமும், நவீனக் கல்விதான் குழந்தையை மீட்டது என்பது மற்றது. இரண்டு கட்சிக்கும் எண்சுவடியைத் திறந்து பார்க்கும் அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை. திறந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் செந்தில்பாபு. திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் வெறும் உருப்போடல் இல்லை, அதுவே ஒரு கற்றல் முறை என்று அவர் 2007 வாக்கில் எழுதிய கட்டுரையும், 2022இல் வந்த அவருடைய ஆங்கிலப் புத்தகமும் இந்தப் பேச்சின் தளத்தையே மாற்றியிருக்கின்றன. அவரிடம் நான் பட்ட கடன் பெரிது. என்னுடைய சந்தேகங்கள் மலை மேலிருந்து வருபவை.

திண்ணைப் பள்ளியில் பையன் முதலில் மணலில் விரலால் எழுதினான். பிறகு ஓலை. எண்களின் வரிசையான பொன்னிலக்கம், தானிய அளவுகளின் வரிசையான நெல்லிலக்கம், அதன்பின் எண்சுவடி வாய்பாடுகள், நிலத்தின் பரப்பைக் காண்பதற்கான குழிமாற்று. மூத்த பையனான சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஞாபகத்தைப் பழக்குவதில் அந்தப் பள்ளிக்கு இருந்த சிரத்தை சாமானியமானது இல்லை. மாலையில் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்ப, மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டியிருந்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார்.

எழுதுகிறவர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அந்த எண்களின் பெயர்களை. முந்திரி என்பது 1/320. நாலு முந்திரி ஒரு காணி, 1/80. நாலு காணி ஒரு மா, 1/20. ஐந்து மா ஒரு கால். மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. 1/20உடன் 1/80ஐக் கூட்டினால் 1/16. சொல்லிலேயே கூட்டல் நடந்து முடிந்துவிடுகிறது. மாகாணியில் பாதி அரை மாகாணி. முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, 1/1,02,400. இன்றைய வகுப்பில் 1/20ஐயும் 1/80ஐயும் கூட்டச் சொன்னால் பகுதியைச் சமப்படுத்து என்று ஒரு சடங்கு இருக்கிறது. அன்றைய பையனுக்கு அது நாக்கில் இருந்தது. தானியத்திலும் இப்படியே. இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி. இரண்டால் வகுப்பதும் இரண்டால் பெருக்குவதும் கையால் அளக்கிற காரியமாகவே இருந்தன. நெல்லைப் பாதியாக்க ஒரு சின்னப் படி போதும். இதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று தள்ளுகிறவர் களத்துமேட்டில் நின்று பார்த்தவராக இருக்க முடியாது.

ஆனால் களத்துமேட்டில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்று தொடங்குவார். யாருக்கு லாபம் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. மரக்காலைத் தலை தட்டி அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். வாங்கும்போது ஒரு மாதிரி, கொடுக்கும்போது ஒரு மாதிரி அளப்பது நம் ஊர்களில் யாருக்கும் அதிசயமான செய்தி இல்லை. எண்சுவடியின் மரக்கால் எப்போதும் சரியாக இருக்கும். 96 நாழி எப்போதும் ஒரு கலம். களத்தில் அது 96ஆக இருந்ததா என்று கேட்க அந்தச் சுவடியில் இடமில்லை. காரிநாயனாரின் 'கணக்கதிகார'த்தை எடுத்துக்கொண்டாலும் நிலம், பொன், நெல், அரிசி, கல் என்றுதான் அதன் கணக்குகள் பிரிந்து போகின்றன. அளக்க வேண்டியவை அவை. அளப்பது ஓர் உத்தியோகம். கணக்கன் என்ற பெயரில் பல தலைமுறை பரம்பரையாக வந்து, 1980 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்த கர்ணம் பதவி வரைக்கும் அந்த உத்தியோகத்தின் நிழல் நீள்கிறது. திண்ணைப் பள்ளியில் வணிகன் பிள்ளையும் குடியானவன் பிள்ளையும் படித்தார்கள் என்பது மெய்தான். இருந்தும் அந்தப் பாடத்தின் பார்வை மரக்காலைப் பிடித்திருப்பவனின் பார்வை. சாக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவனின் கணக்கு வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு அதில் அறிகுறியே இல்லை.

இந்தப் பள்ளிக்கூடம் இங்கிலாந்துக்குப் போய் வந்தது ஒரு தனி வேடிக்கை. எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளிக்கு 1789இல் மேற்பார்வையாளராக வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். பெரிய பையன்களைச் சின்னப் பையன்களுக்கு வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதேமாதிரி முறை தன்னுடையது என்று கிளம்ப, இருவருக்கும் பெரிய தகராறு. தொழிற்சாலை நகரங்களின் ஏழைப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில் உட்கார்த்தி, மிகக் குறைந்த செலவில் படிப்பிக்க ஒரு யந்திரம் வேண்டியிருந்தது; 'மதராஸ் முறை' அந்த யந்திரமாயிற்று. பெல் 1832இல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். நம் சட்டாம்பிள்ளைக்கு எங்கே கல்லறை என்று தெரியாது.

இதற்கிடையில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822 ஜூனில், ராஜதானியில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் வந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், அதில் பெண்கள் 4,540. தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைப் புத்தகமாக்கிய பிறகு இந்த எண்கள் பிரசித்தம். அவருடைய வாதங்களோடு சண்டைபோட இங்கே இடமில்லை. எனக்குப் பட்டது வேறு. கலெக்டர்களுக்கு அனுப்பிய படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதியார், முஸ்லிம்கள் என்று கட்டங்கள் இருந்தன. மலைக்காரர்களுக்கு ஒரு கட்டம் இல்லை. மன்றோ இந்தப் பிரதேசத்துக்குப் புதியவரும் இல்லை. 1792இல் திப்புவிடமிருந்து பாரமகாலும் சேலம் சீமையும் கும்பெனிக்கு வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக நிலத்தை அளந்து தீர்வை போடுகிற வித்தையைக் கற்றுக்கொண்டவர் அவர். முதலில் நிலத்தை எண்ணிய கைதான் முப்பது வருஷத்துக்குப் பின் பள்ளிக்கூடங்களையும் எண்ணிற்று.

அந்தக் கணக்கெடுப்புக்குப் பதில் எழுதிய கலெக்டர்களில் பெல்லாரியின் கேம்பெல் கூர்மையான ஆள். சுதேசிப் பள்ளிகளின் சிக்கனத்தையும் பையனே பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் மெச்சி, இங்கிலாந்து அதைக் காப்பியடித்ததும் தகும் என்கிறார். அதே மூச்சில், பிள்ளைகள் சொல்லும் செய்யுளின் அர்த்தம் கிளிக்குத் தெரிகிற அளவுதான் அவர்களுக்கும் தெரியும் என்கிறார். பின்னால் வந்த அத்தனை சீர்திருத்தமும் இந்தக் கிளியைப் பிடித்துக்கொண்டது. அர்த்தம் புரிய வேண்டும், விளங்கிப் படிக்க வேண்டும் என்று நூற்றைம்பது வருஷமாக ஒவ்வொரு கமிட்டியும் சொல்லிவிட்டது. விளங்கிக்கொண்டபின் அந்தப் பிள்ளை யாரைப் பார்த்து என்ன கேட்கும் என்று எந்தக் கமிட்டியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பின்னங்களின் சாவு ஒரே நாளில் நடக்கவில்லை. 1825இல் அச்சான 'கணித தீபிகை' தமிழ் எண்களுக்குப் பூஜ்யத்தையும் இடமதிப்பையும் கொண்டுவந்தது. அதுவரை தமிழில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. அச்சுப் புத்தகம் வந்தபின்னும் மாகாணி வாய்பாடு போகவில்லை. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு அணா இருக்கும்வரை அது கடைத்தெருவில் பிழைத்திருந்தது. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. அணா 6.25 பைசாவாகப் போனதோடு மாகாணியின் ஜீவனம் முடிந்தது. படியும் மரக்காலும் அடுத்த சில வருஷங்களில் சட்டத்திலிருந்து போயின, சந்தையிலிருந்து போகவில்லை. தசமம் வந்ததை நான் குறை சொல்லவில்லை. மெட்ரிக் அளவு வந்தபோதுதான் முதல்முதலாக, கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒரே அளவு, முத்திரை குத்திய எடைக்கல் என்று ஒன்று சாத்தியமாயிற்று. அதற்கு நேர்ந்திருக்க வேண்டிய பாடம் நம் வகுப்பறைகளில் நடக்கவே இல்லை என்பதுதான் என் மனக்குறை. கிலோகிராம் என்பது நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்பாடாகத்தான் வந்து சேர்ந்தது.

இனி மலை. கொல்லிமலையின் மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்களை நாடாகப் பிரித்து வாழ்கிறார்கள். நம் இலக்கிய மனத்துக்கு இந்த மலை ஓரியின் மலை, கொல்லிப்பாவையின் மலை. அதற்கு மேல் நாம் ஏறிப் பார்ப்பதில்லை. மலையடிவாரத்து நாமக்கல்லில் ராமானுஜனின் குலதெய்வமான நாமகிரித் தாயார் இருக்கிறாள். அவள் கனவில் வந்து சூத்திரங்கள் சொன்னாள் என்று கணிதத்தைப் பற்றி நாம் பேசுவதில் பாதி கரைந்துவிடுகிறது. அவள் கோயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்து மலையில் ஒரு குழந்தை வகுத்தல் கற்பது எப்படி என்பது யாருக்கும் கனவில்கூட வரவில்லை.

1913இல் இங்கே வந்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதிகள் பள்ளிகளும் மருந்தகமும் தச்சுப் பயிற்சியும் தொடங்கினார்கள். ஜெஸ்ஸி 1929இல் விஷக் காய்ச்சலில் இங்கேயே இறந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்கள் மகன். 1914இல் பிறந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. நான் 1990களின் கடைசியில் இந்த மலையில்தான் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார். அதிலும் ஒருவர் பாதி நாள் கீழே இருப்பார். பதினாறாம் வாய்பாடு வரை ஒப்பிக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். நானும் அதற்காக அடித்திருக்கிறேன். என் மாணவர்கள் எட்டேழு ஐம்பத்தாறு என்று பாடுவார்கள். ஐம்பத்தாறில் எத்தனை ஏழு என்றால் கூரையைப் பார்ப்பார்கள். அவர்களே பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோ என்று தெரிந்து, வியாபாரி பச்சையாகக் கேட்ட விலையும் காய்ந்ததற்குச் சொன்ன விலையும் கட்டுமா என்று வீட்டில் பேசுகிற பேச்சைத் திருப்பிச் சொல்வார்கள். ஒரு பெரியவர் தன் நிலத்தை ஏக்கரில் சொல்லத் தெரியாமல் இத்தனை வள்ளம் சாமை விதைக்கிற காடு என்றார். தெற்கே கோட்டை விதைப்பாடு என்பார்களே, அதே மாதிரி. மண் வளமாக இருந்தால் விதை நெருங்கும், சரிவாக இருந்தால் கலையும். அவருடைய அளவில் பரப்பும் வளமும் உழைப்பும் ஒன்றாகக் கிடந்தன. பத்திர ஆபீசில் அது செல்லாது.

இந்த மாதிரி அனுபவங்களைச் சொல்லி, பார்த்தீர்களா, பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் உண்மையான கணிதம் இருக்கிறது என்று முடித்துவிடுவது இப்போது ஒரு சம்பிரதாயம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெரியவர் தன் நிலம் எவ்வளவு என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாமல் அலைந்தார். வீட்டுக் கணக்கு வீட்டுக்குள் போதும். கீழே இறங்கினால் எதிராளியின் கணக்கில்தான் பேச வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் பள்ளிக்கூடம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

பலாப்பழக் கதைக்கு வருகிறேன். பலாவை வெட்டாமலே சுளையின் எண்ணிக்கையைச் சொல்ல கணக்கதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. நம் முன்னோர் பெருமை பேசும் எல்லாச் சிறு புத்தகத்திலும், இப்போது எல்லாருடைய கைபேசியிலும் இந்தச் செய்யுள் வந்துவிட்டது. மேற்கோள் காட்டியவர்களில் பலாவை வெட்டிப் பார்த்தவரைக் காணோம். கொல்லிமலையில் பலாவுக்குப் பஞ்சமில்லை. ஜூனில் பள்ளி திறந்த ஒரு சனிக்கிழமை ஐந்தாம் வகுப்பை உட்காரவைத்து முட்களை எண்ணச் சொன்னேன். நாலு பேர் எண்ணினார்கள், நாலு எண்ணிக்கை. காம்பைச் சுற்றி என்றால் எந்த வளையம் வரை என்பதில் சண்டை. கடைசியில் ஒரு வளையத்தில் சுண்ணாம்பு தடவி எல்லை கட்டினோம். 85. ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 102. பழத்தை வெட்டினோம். சுளை 61.

"பாட்டு பொய்யா சார்?" என்றாள் ஒரு பெண். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒரு வகுப்பறையில் அச்சடித்த எதையும் பொய்யா என்று கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்த வாரம் இன்னொரு பழம் வெட்டினோம், அதுவும் கட்டவில்லை. ஆனால் இன்னொன்றைக் கவனித்தார்கள். சுளைகளுக்கு நடுவே நார்நாராக இருப்பதும் சுளை உட்கார்ந்திருக்கும் விதமாகவே முள்ளை நோக்கி உட்கார்ந்திருக்கிறது. அது சரிதான். பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ. கருவுற்ற பூ சுளை, கருவுறாத பூ நார். முட்களின் மொத்தத்தை எண்ணினால் சுளையும் நாரும் சேர்ந்த தொகை வரும். சுளையாகாமல் போனது எத்தனை என்று வெளியிலிருந்து எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு இது செய்யுளைவிடப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

பிறகு எனக்கு ஒரு ஊகம் வந்தது, ஊகம் மட்டும்தான். பழத்தை வெட்டாமல் சுளையை எண்ண வேண்டிய தேவை யாருக்கு வரும்? தின்பவனுக்கு வராது. மரத்தைக் குத்தகைக்கு எடுப்பவனுக்கு வரும். வரி போட வருகிறவனுக்கு வரும். உத்தேசமாக ஒரு தொகையைச் சொல்லி, அதைச் செய்யுளாகச் சொல்லி, எதிரே நிற்பவனை வாயடைக்க வேண்டியவனுக்கு வரும்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமாரின் முனைப்பில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளிகளில் உருவான அட்டைகளும் ஏணியும்தான் அதற்கு ஆதாரம். 2007-08இல் தமிழகத்தின் சுமார் 37,000 பள்ளிகளுக்கும் அது போனது. நான் அப்போது கீழே வேறு பள்ளியில் இருந்தேன், சந்தேகத்தோடுதான் பார்த்தேன். முதல் வாரத்திலேயே என் சந்தேகத்தில் பாதி கரைந்துவிட்டது. வாத்தியாரின் நாற்காலி போய்விட்டது. சுவரின் அடியில் குழந்தைகள் எழுதக் கரும்பலகை. ஒவ்வொரு குழந்தையும் ஏணியில் தன் படி எது என்று பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது. பத்து நாள் வராமல் இருந்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் தாய் தகப்பனோடு போய்வரும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய நியாயம் என்பது வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியும். மணிகளை எண்ணிப் பத்தாகக் கட்டிப் பத்தை நூறாக அடுக்கிய குழந்தைக்கு இடமதிப்பு கைக்கு வந்தது. ஆறு குழுக்களில் ஒன்று, சக மாணவன் உதவியோடு கற்கும் குழு. இருநூறு வருஷம் கழித்துச் சட்டாம்பிள்ளை, பிரம்பு இல்லாமல், லண்டன், ரிஷிவேலி வழியாக வீடு திரும்பியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மற்ற பாதி சந்தேகம் அப்படியே இருந்தது. அட்டையில் விடை இருக்கிறது. குழந்தை அட்டையோடு வாதாட முடியாது. அட்டையின் மரக்காலும் எப்போதும் சரியாகவே இருந்தது. சில வருஷங்களில் அட்டைகள் நைந்தன, ஏணிகள் எளிமைப்படுத்தப்பட்டன, முப்பருவம் வந்தது, புதிய பாடப் புத்தகங்கள் வந்தன. தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம். குறளும் கொன்றைவேந்தனும் எழுத்துக்கு முன்னால் எண்ணை வைத்தவை. திட்டத்தின் பெயரும் அந்த வரிசையிலேயே இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகள் நிற்கும் நிலைக்கேற்ப மூன்று பிரிவு. பாட்டு, கதை, பொம்மை. நல்ல காரியம்தான். குழந்தைகள் சந்தோஷமாகப் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதை அற்பமாகப் பேச எனக்கு யோக்யதை இல்லை. என் வகுப்புக்கு அவர்கள் சந்தோஷமாக வரவில்லை.

போன வருஷம் மலைக்குப் போயிருந்தேன். தினையும் சாமையும் இருந்த சரிவுகளில் பெரும்பகுதி மரவள்ளி. கிழங்கு சேலத்துப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. என் பழைய மாணவன் ஒருவன் சோளக்காட்டுச் சந்தையில் பார்த்து வீட்டுக்கு அழைத்துப் போனான். கிழங்குக்கு விலை டன் கணக்கில். ஆனால் டன்னின் விலை 'பாயிண்ட்' கணக்கில். கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவுக்குத்தான் பாயிண்ட் என்று பெயர். பாயிண்ட் பார்ப்பது ஆலையில். பாயிண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 பாயிண்ட் கிழங்கு டன் 7,500. ஆலையில் 23 என்று சொல்லிவிட்டால் 6,900. டன்னுக்கு 600 ரூபாய் மலையிறங்கும் வழியில் எங்கேயோ போய்விடுகிறது. பெருக்கல் அவனுக்குத் தெரியும்; என்னிடம்தான் கற்றான், கைபேசியும் இருக்கிறது. அவன் கேட்டது வேறு. "அந்தப் பாயிண்ட்டை நாமளே பாக்க முடியுமா சார்?"

இதை நான் அவனுக்கு ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்க முடியும். மாவு தண்ணீரைவிடக் கனம். மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள் சற்று அதிகம் எடை காட்டும். மிளகு நிறுக்க அவன் வீட்டில் சின்ன எலெக்ட்ரானிக் தொங்கு தராசு இருந்தது. மேல்காட்டுக் கிழங்கில் 5 கிலோ நிறுத்து வலைப்பையில் போட்டு, தண்ணீர் டிரம்முக்குள் முழுக்க அமிழும்படி தராசில் தொங்கவிட்டோம். பை ஆடி நிற்க நேரமாயிற்று. மூன்றாம் வகுப்பு படிக்கிற அவன் மகள் குனிந்து எண்ணைப் படித்தாள். 380 கிராம். பிறகு கீழ்க்காட்டுக் கிழங்கு, அதுவும் 5 கிலோ. 430. இதைப் பாயிண்ட்டாக மாற்றும் அட்டவணை எங்களிடம் இல்லை. அது ஆலையில் இருக்கிறது.

அந்தப் பெண் இரண்டு எண்ணையும் சுவரில் கரியால் எழுதிவிட்டு, கீழ்க்காட்டுக்கு நேரே ஒரு கோடு போட்டாள். பிறகு மேல்காட்டுக் கிழங்கை மறுபடி நிறுக்கச் சொன்னாள். பை அப்போது சரியாக அமிழவில்லை என்றாள்.